எந்த ஏர்லைன் கார்டைப் பிடித்துக்கொள்வது?

சென்னை விமான நிலையத்தின் பன்னாட்டு முனையம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும். சிங்கப்பூர் விமானத்துக்கு எகானமி வரிசையில் நாற்பது பேர் நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு பெட்டி, நடுவே கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி. பக்கத்து பிசினஸ் கிளாஸ் கவுன்டர் காலியாக இருக்கும். ஒருவர் முதுகுப்பையோடு நேராக அங்கே போவார், இரண்டு நிமிடத்தில் போர்டிங் பாஸ் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். விமானத்தில் ஏறிப் பார்த்தால் நம் வரிசையிலேயே, நமக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருப்பார். அவருடையதும் எகானமி டிக்கெட்தான்.

நான் முதல் நான்கு வருடம் அந்த நாற்பது பேரில் ஒருவன். இத்தனைக்கும் மாதம் ஒருமுறை அலுவலக வேலையாகப் பறந்துகொண்டிருந்தேன். டிராவல் டெஸ்க் எது மலிவோ அந்த டிக்கெட்டைப் போடும், நான் ஏறுவேன். 'மெம்பர்ஷிப் நம்பர் இருக்கா சார்?' என்று யாராவது கேட்டால் அந்தக் கம்பெனியிலும் ஒரு கணக்கைத் திறந்துகொள்வேன். கடைசியில் ஆறு கார்டு சேர்ந்தது. ஒன்றில் 4,000 மைல், இன்னொன்றில் 9,000, வேறொன்றில் 2,700. ஆறு ஊரில் ஊருக்கு அரை சென்ட் நிலம் வாங்கிப் போட்ட கதை. எதிலும் ஒரு குடிசைகூடக் கட்ட முடியாது. மூன்று வருடம் ஆனதும் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின.

இப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்து பறக்கத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகள் 'எந்த ஏர்லைன் புரோகிராம் நல்லது?' என்று கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் சில அடிப்படைகள் தெரிந்தாக வேண்டும்.

ஒரு கார்டு, இரண்டு கணக்கு

எந்த லாயல்டி திட்டத்தில் (தொடர்ந்து பறக்கும் வாடிக்கையாளருக்கு விமானக் கம்பெனி சலுகை தரும் ஏற்பாடு) சேர்ந்தாலும் உங்கள் பெயரில் இரண்டு கணக்குகள் ஓடும். ஒரே பயணம் இரண்டிலும் ஏறும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

முதலாவது, செலவழிக்கும் மைல். கிட்டத்தட்ட பணம் மாதிரி. சேர்த்து வைத்து டிக்கெட் எடுக்கலாம், எகானமி சீட்டை பிசினஸ் கிளாஸுக்கு உயர்த்திக்கொள்ளலாம். எடுக்க எடுக்கக் குறையும்.

இரண்டாவது, தகுதிக் கணக்கு. இதை வைத்து ஒரு காபிகூட வாங்க முடியாது. பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் எவ்வளவு பறந்தீர்கள் என்று அளந்து சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படி ஏற்றுவதற்கு மட்டும்தான் இது. ஒரு சுற்று முடிந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த இரண்டையும் கிரிஸ்ஃபிளையர் மைல், எலைட் மைல் என்று அழைக்கிறது. எமிரேட்ஸில் ஸ்கைவார்ட்ஸ் மைல், டியர் மைல். பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஏவியோஸ், டியர் பாயிண்ட். (இங்கே டியர் என்றால் படிநிலை. அன்பே என்று யாரும் கூப்பிடவில்லை.)

அந்த முதுகுப்பைக்காரரை பிசினஸ் கவுன்டருக்கு அனுப்பியது இரண்டாவது கணக்கு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் கணக்கையே பார்க்கிறார்கள், 'எத்தனை மைல் இருந்தால் ஃப்ரீ டிக்கெட்?' என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு சுற்றுலா போகிறவருக்கு அது சரியான கேள்வி. மாதம் இரண்டு முறை விமான நிலையத்தில் நிற்கிறவருக்கு இரண்டாவது கணக்குதான் சோறு போடும் என்பது என் கட்சி.

மைலா, காசா?

1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. கம்பெனிகள் போட்டி போட்டுக் கட்டணத்தைக் குறைத்தன, பயணிகளும் மலிவைத் தேடி மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களைக் கட்டிப்போட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று ஆட்வான்டேஜ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. முன்பதிவுக் கணினியில் எந்தத் தொலைபேசி எண் திரும்பத் திரும்ப வருகிறதோ அந்த ஆட்களைத் தேடிப்பிடித்து முதல் உறுப்பினர்களாக்கினார்கள். சில நாட்களிலேயே யுனைடெட்டும் தன் திட்டத்தை அறிவித்தது. நம் பக்கத்து நகைச்சீட்டு மாதிரிதான் இதுவும்: பதினொரு மாதம் இந்தக் கடையிலேயே கட்டு, பன்னிரண்டாவது நாங்கள் போடுகிறோம்.

அப்போது கணக்கு எளிது. ஆயிரம் மைல் பறந்தால் ஆயிரம் மைல். மலிவு டிக்கெட்டா, விலை கூடினதா என்று பார்ப்பதில்லை. இதில் ஒரு ஓட்டை இருந்தது. 300 டாலர் டிக்கெட்டில் நாட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருகிறவர், 900 டாலர் கொடுத்துப் பக்கத்து நகரத்துக்குப் பறக்கும் வியாபாரியைவிட அதிகம் சம்பாதித்தார். 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016-ல் அமெரிக்கனும், தூரத்தை விட்டுவிட்டு டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை வைத்து மைல் கொடுக்கத் தொடங்கின. ஏர் இந்தியா 2024-ல் இந்தப் பக்கம் வந்தது. அதன் திட்டத்துக்கு இப்போது மகாராஜா கிளப் என்று பெயர். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலிலிருந்து தகுதிக் கணக்கையும் பணத்துக்கு மாற்றிவிட்டது. செலவழிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு டியர் பாயிண்ட். சில்வருக்கு 7,500, கோல்டுக்கு 20,000. இந்தக் கணக்கில் பெரும்பாலும் அடிப்படைக் கட்டணமும் கம்பெனியின் கூடுதல் கட்டணமும்தான் சேரும். டிக்கெட்டில் இருக்கும் அரசு வரிக்கும் விமான நிலையக் கட்டணத்துக்கும் எதுவும் கிடைக்காது.

ஆகவே இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, இது தூரத்தை அளக்கிறதா, பணத்தை அளக்கிறதா என்பதுதான். அதற்கான விடை உங்கள் அலுவலகம் டிக்கெட் போடும் பழக்கத்தில் இருக்கிறது. 'நாளைக்குக் காலையில மும்பைல இருக்கணும்' என்று முதல் நாள் சாயங்காலம் சொல்கிற மேனேஜரிடம் வேலை பார்த்தால் உங்கள் டிக்கெட்டெல்லாம் கொள்ளை விலையில் இருக்கும். பணத்தை அளக்கும் திட்டம் உங்களைக் கொண்டாடும். இரண்டு மாதத்துக்கு முன்பே மலிவு டிக்கெட் போட்டு வைக்கும் கண்டிப்பான டிராவல் டெஸ்க் என்றால் தூரத்தை அளக்கும் திட்டம்தான் கைகொடுக்கும்.

தூரத் திட்டத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. உங்கள் இ-டிக்கெட்டைத் திறந்து விமான எண்ணுக்குப் பக்கத்தில் பாருங்கள். ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். அதுதான் கட்டண வகுப்பு. எகானமி என்பது ஒரே வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குள் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் இருக்கின்றன. ஒய் என்ற எழுத்தில் வாங்கியவருக்கு 100 சதவீதம் மைல், வேறொரு எழுத்தில் வாங்கிய பக்கத்து சீட்காரருக்குப் பாதி, இன்னொருவருக்குக் கால்வாசி, ஆக மலிவான எழுத்துக்குச் சில திட்டங்களில் பூஜ்யம். எல்லோருக்கும் ஒரே தயிர்சாதம்தான் வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,800 மைல், போக வர 3,600. கிரிஸ்ஃபிளையரில் எலைட் சில்வருக்குப் பன்னிரண்டு மாதத்தில் 25,000 எலைட் மைல் வேண்டும், எலைட் கோல்டுக்கு 50,000. முழு மைல் தரும் டிக்கெட் என்றால் ஏழு முறை போய்வந்தால் சில்வர், பதினான்கு முறை போய்வந்தால் கோல்டு. பாதி மைல் டிக்கெட் என்றால் கோல்டுக்கு இருபத்தெட்டு முறை போய்வர வேண்டும். மாதம் ஒருமுறை சிங்கப்பூர் போகிறவர் முழு மைல் டிக்கெட்டில் கோல்டின் வாசல்வரை வந்துவிடுவார், பாதி மைல் டிக்கெட்டில் சில்வரையே தொடமாட்டார். டிராவல் டெஸ்க் அண்ணனிடம் நல்லபடியாகப் பேசி, விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது அடுத்த எழுத்தில் டிக்கெட் போடச் சொல்வது வீண்போகாது.

கூட்டணிகள்

நீங்கள் பறக்கும் விமானமும், மைல் சேர்க்கும் திட்டமும் ஒரே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு இது விளங்கவே பல வருடம் ஆனது.

1997-ல் யுனைடெட், லுஃப்தான்சா, ஏர் கனடா, எஸ்ஏஎஸ், தாய் ஏர்வேஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியை அமைத்தன. 1999-ல் ஒன்வேர்ல்டு, 2000-ல் ஸ்கைடீம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா இரண்டும் இப்போது ஸ்டாரில். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், கேத்தே பசிபிக், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் எல்லாம் ஒன்வேர்ல்டு. ஏர் பிரான்ஸ், கேஎல்எம், டெல்டா ஸ்கைடீம். கூட்டணிக்குள் யாருடைய விமானத்தில் பறந்தாலும் ஒரே கணக்கில் போடலாம். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவில் போகும்போது கிரிஸ்ஃபிளையர் எண்ணைக் கொடுக்கலாம், மகாராஜா கிளப் எண்ணையும் கொடுக்கலாம். ஏதாவது ஒன்று மட்டும்தான். ஒரே பயணத்தை இரண்டு இடத்தில் போட முடியாது.

கூட்டணியின் படிதான் உண்மையான படி. கம்பெனிகள் வைக்கும் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிரிஸ்ஃபிளையர் எலைட் சில்வர் வாங்கினால் அது ஸ்டார் கூட்டணியிலும் சில்வர்தான். காத்திருப்போர் பட்டியலில் கொஞ்சம் முன்னுரிமை என்பதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் இல்லை. அதே சில்வர் என்ற பெயரை பிரிட்டிஷ் ஏர்வேஸில் வாங்கினால் அது ஒன்வேர்ல்டின் சஃபையர் படி, பிசினஸ் கிளாஸ் லவுஞ்சே (விமான நிலைய ஓய்வறை) திறக்கும். கத்தாரின் சில்வரோ ஒன்வேர்ல்டில் அதற்குக் கீழ்ப்படியான ரூபி, அதற்குக் கூட்டணி லவுஞ்ச் கிடையாது. சஃபையர் வேண்டுமானால் கத்தாரில் கோல்டு ஆக வேண்டும். ஸ்டாரில் கோல்டு என்றால் லவுஞ்ச், முன்னுரிமைக் கவுன்டர், சீக்கிரம் ஏறுவது, பெட்டிகளை எண்ணாமல் எடையை மட்டும் பார்க்கும் வழித்தடங்களில் 20 கிலோ கூடுதல் பெட்டி. ஆகவே ஸ்டாரில் சில்வரோடு நின்றுபோகிறவருக்கு மிஞ்சுவது கார்டின் பளபளப்பு மட்டும். வருடத்துக்கு ஆறு பயணம் மட்டும் என்றால் படியை மறந்துவிட்டு மைலை மட்டும் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வேடிக்கையான விஷயம். யுனைடெட்டின் சொந்தத் திட்டத்தில் கோல்டு வாங்கியவர், ஹூஸ்டனிலிருந்து சிகாகோ போவது போன்ற உள்நாட்டுப் பயணத்தில் யுனைடெட் லவுஞ்சுக்குள் அந்தக் கார்டை வைத்து நுழைய முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கோல்டு வைத்திருப்பவர் அதே விமானத்துக்குப் போகும்போது உள்ளே போய் உட்காரலாம். வீட்டுப் பிள்ளைக்குப் பழைய சோறு, விருந்தாளிக்கு வடை பாயசம்.

கூட்டணியில் சேராதவர்களும் உண்டு. எமிரேட்ஸ், எத்திஹாட், இண்டிகோ. இண்டிகோ 2024-ல்தான் புளூசிப் என்று சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது. எமிரேட்ஸின் சில்வருக்கு 25,000 டியர் மைல், கோல்டுக்கு 50,000. அந்த கோல்டு துபாயில் ராஜமரியாதை தரும். ஆனால் லண்டனில் இறங்கி வேறு விமானம் மாறும்போது அது வெறும் பிளாஸ்டிக். வேலை முழுக்க வளைகுடாவிலேயே என்றால் எமிரேட்ஸைப் பிடித்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். ஊர் ஊராகச் சுற்றும் வேலை என்றால் கூட்டணிக் கார்டு.

உள்நாட்டிலேயே, அதிலும் கோயம்புத்தூர், மதுரை, திருச்சி என்று சுற்றுகிறவர்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. எந்தக் கம்பெனிக்கு உங்கள் ஊரிலிருந்து அதிக விமானம் இருக்கிறதோ அதில் சேர்ந்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஒரு மைல் என்ன விலை?

இங்கே பள்ளிக்கூடக் கணக்கு போதும். ஒரு டிக்கெட் காசுக்கு 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதையே மைலில் எடுத்தால் 13,500 மைலும், வரிகளுக்கு 4,500 ரூபாயும். 18,000-ல் 4,500 போனால் 13,500 ரூபாய். அதை 13,500 மைலால் வகுத்தால், மைல் ஒன்றுக்கு ஒரு ரூபாய். அதே வழியில் பிசினஸ் கிளாஸ் காசுக்கு 80,000, மைலில் 28,000 மைலும் 6,000 ரூபாயும் என்றால், 74,000-ஐ 28,000-ஆல் வகுக்க, மைலுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல். உடனே பிசினஸ் கிளாஸ்தான் லாபம் என்று சொல்லிவிடுவார்கள். என் கேள்வி வேறு: அந்த 80,000 ரூபாயை நீங்கள் சொந்தக் காசில் கொடுத்திருப்பீர்களா? கொடுக்க மாட்டீர்கள் என்றால் அந்த இரண்டரை ரூபாய் காகிதத்தில்தான் இருக்கிறது. அம்மா, அப்பாவை ஒருமுறை காலை நீட்டிப் படுத்தபடி கூட்டிப்போக வேண்டும் என்றால் அது தனிக் கணக்கு. அதற்கு நானும் சேர்த்திருக்கிறேன்.

கம்பெனியின் கடையில் மைலைக் கொடுத்து சூட்கேஸ், ஹெட்ஃபோன் வாங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இந்த வகுத்தலைப் போட்டால் பெரும்பாலும் மைலுக்குச் சில்லறைப் பைசாதான் தேறும்.

பல இந்திய கிரெடிட் கார்டுகளின் ரிவார்டு பாயிண்டுகளை கிரிஸ்ஃபிளையர் போன்ற திட்டங்களுக்கு மாற்றலாம். ஹோட்டல் பில், டாக்ஸி எல்லாம் கார்டில் போட்டு அலுவலகத்தில் திரும்ப வாங்குகிறவர்களுக்கு இது நல்ல ஊற்று. மாற்றினால் திரும்ப வராது என்பதால், எடுக்கப்போகும் சீட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

சேர்த்துக்கொண்டே போகாதீர்கள்

மைல் என்பது கம்பெனி தானே அச்சடிக்கும் நோட்டு. நேற்று 13,500 மைலுக்குக் கிடைத்த சீட்டை நாளை 15,000 என்று அறிவித்தால் நீங்கள் எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. சேரும்போதே விதிமுறைக்குச் சம்மதம் என்று டிக் அடித்திருக்கிறீர்கள். காலாவதி வேறு. கிரிஸ்ஃபிளையரிலும் எமிரேட்ஸிலும் மூன்று வருடம். டெல்டா, யுனைடெட் மைல்களுக்குக் காலாவதி இல்லை.

இந்த நோட்டு எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது 2020-ல் கொரோனா வந்தபோது வெளியே தெரிந்தது. விமானங்கள் தரையில் நின்ற நேரத்தில் யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அந்தத் திட்டத்தின் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. பங்குச்சந்தையில் அப்போது மொத்த யுனைடெட்டுக்கும் அவ்வளவு மதிப்பு இல்லை. வங்கிகள் தங்கள் கார்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக மைலை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்குகின்றன. லாபம் அங்கே இருக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 2022 முதல், அதன் கிரெடிட் கார்டில் செய்யும் செலவும் தகுதிக் கணக்கில் சேர்கிறது. விமானத்தில் ஏறாமலே கோல்டு ஆகலாம்.

கம்பெனியே மூடிவிட்டால்? 2012-ல் கிங்ஃபிஷர் நின்றபோது கிங் கிளப் மைல்கள் அதோடு போயின. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் ஜெட்பிரிவிலேஜ் திட்டம் எத்திஹாட் பெரும்பங்கு வைத்திருந்த தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பித்து, இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது உறுப்பினர்களின் பாயிண்டுகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. மூன்று கம்பெனி, மூன்று விதி. அதனால் நான் ஒரு பயணத்துக்குத் தேவையானது சேர்ந்ததும் எடுத்துவிடுகிறேன்.

அலுவலகக் காசு, யாருடைய மைல்?

கூச்சப்பட்டுக்கொண்டு எல்லோரும் கேட்கும் கேள்வி இது. திட்டங்களைப் பொறுத்தவரை மைல் பறந்த ஆளுக்குத்தான், டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவருக்கு அல்ல. ஆனால் உங்களுக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் இடையே உள்ள ஏற்பாடு வேறாக இருக்கலாம். ஜெர்மனியில் 2002-ல் அரசுப் பயணத்தில் சேர்ந்த மைலைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்திய விவகாரத்தில் கிரெகோர் கீசி என்ற தலைவர் பெர்லின் அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். 2006-ல் அந்நாட்டுத் தொழிலாளர் உச்ச நீதிமன்றம், வேலைப் பயணத்தின் மைல் முதலாளிக்கே உரியது என்று சொன்னது. அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்கள் அதைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று 2001 இறுதியில் சட்டம் வந்தது. இந்தியாவில் மத்திய அரசு அதிகாரிகள் அரசு செலவில் சேர்த்த மைலை மறுபடி அரசுப் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும். தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. என்றாலும் எச்.ஆர். விதிமுறையை ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரு கார்டுக்காக 6,000 ரூபாய் அதிக விலையுள்ள டிக்கெட்டைப் போடச் சொல்வது மட்டும் வேண்டாம், அது எந்த விதியிலும் சரியில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? போன பன்னிரண்டு மாதத்து டிக்கெட்டுகளை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கிருந்து எங்கே, எந்தக் கம்பெனி, என்ன எழுத்து, எவ்வளவு விலை. நான் எழுதியபோது இருபத்திரண்டு வரி வந்தது. அதில் பதினான்கு, கிழக்குப் பக்கம் போனவை. ஸ்டாருக்கு ஒரு நிறக் கோடு, ஒன்வேர்ல்டுக்கு ஒரு நிறம், தனிக்காட்டு ராஜாக்களுக்கு ஒரு நிறம் என்று போட்டதுமே விடை தாளில் தெரிந்துவிட்டது. எந்தத் தளத்தின் தரவரிசையும் தேவைப்படவில்லை. பிறகு அந்தப் படி தரும் சலுகைகளில் உங்களுக்கு ஏற்கனவே இருப்பதைக் கழியுங்கள். லவுஞ்ச் பலருக்குக் கிரெடிட் கார்டிலேயே கிடைக்கிறது, அதற்காக கோல்டைத் துரத்த வேண்டாம். கூடுதல் 20 கிலோவும், விமானம் ரத்தாகும்போது வரிசையில் முன்னால் நிற்பதும் காசு கொடுத்தாலும் சுலபத்தில் கிடைக்காதவை. ஏற்கனவே ஒரு கம்பெனியில் நல்ல படியில் இருந்து இப்போது மாற நினைத்தால், புதிய கம்பெனி ஸ்டேட்டஸ் மேட்ச் (பழைய படிக்கு ஈடான படி) தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் இதை ஒருமுறைதான் தருவார்கள், பயணம் அதிகமாகப்போகும் வருடத்தின் தொடக்கத்தில் கேட்பது புத்திசாலித்தனம்.

எண்ணை டிராவல் டெஸ்க்கின் உங்கள் புரொஃபைலில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். ஏற்றினாலும் நம்பிவிடாதீர்கள். ஒரு கம்பெனி டிக்கெட் விற்று இன்னொரு கம்பெனி ஓட்டும் விமானங்களில் மைல் அடிக்கடி வழிதவறும். விட்டுப்போன மைலைப் பின்னால் கேட்டு வாங்கப் பல திட்டங்கள் ஆறு மாதம்வரை அவகாசம் தருகின்றன. அதற்கு டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் கேட்பார்கள். என் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்ட போர்டிங் பாஸ் கட்டு ஒன்று கிடக்கிறது. கணக்கில் மைல் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கிழித்துப்போடுவேன். இன்றைக்கு அதில் மூன்று மிச்சம், ஒன்று போன நவம்பருடையது.